முதலில் இருமியது யார்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் மருந்துச் சீட்டில்தான் வந்து நிற்கிறது. அதனால் நானும் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரியிலிருந்தே தொடங்குகிறேன்.

போன மழைக்காலத்தில் எனக்கு இடது விலாவில் ஒரு குத்தல் வந்தது. மூச்சை இழுத்தால் குத்தும், விட்டால் அடங்கும். தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பும். வாயுப் பிடிப்பு என்று பூண்டைச் சுட்டுத் தின்றுகொண்டு இருந்தேன். என் மகனுக்குப் பொறுமை போய்விட்டது. முதலியார்பேட்டையிலிருந்து என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். வேகத்தடை வரும்போதெல்லாம் நான் அவனைத் திட்டினேன், அவன் ஆட்டோக்காரரைத் திட்டினான்.

மார்புப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சளி கேட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். நுரையீரலைச் சுற்றி மெல்லிசாக இரண்டு உறை இருக்கிறதாம். காய்ச்சலுக்குப் பிறகு அது வீங்கி ஒன்றோடொன்று உரசுகிறதாம். வலி மாத்திரையும் ஓய்வும் போதும் என்றாள். இருமல் வந்தால் தலையணையை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, குழாயில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே தூக்கப் பழகச் சொன்னாள். ரெண்டு வாரத்தில் எழுந்து நடமாடலாம் என்றாள்.

"ப்ளூரிசிம்மா இது. பயப்பட ஒண்ணுமில்ல."

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. "எங்க வீட்ல அத புளூரேசின்னு சொல்லுவாங்க" என்றேன்.

அவள் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பார்த்தாள். "முன்னாடியே வந்திருக்கா? அதான் அடியில பழைய தழும்பு மாதிரி தெரியுது. எப்ப வந்துச்சு?"

"ஒம்போது வயசுல. தண்ணி கோத்துக்கிச்சு, ஊசி போட்டு எடுத்தாங்க. அப்புறம் ஒரு வருசத்துக்கு மேல மருந்து."

"அப்ப அது டிபியாத்தாம்மா இருக்கும். வீட்ல வேற யாருக்காவது இருமல் இருந்துச்சா?"

"எங்கம்மாவுக்கு. எங்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு. அதுலயே போயிட்டாங்க."

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்ககிட்டேர்ந்தா? சின்னப் புள்ளைங்களுக்கு நெஞ்சுல தண்ணி கோத்தா அது பெரும்பாலும் யாருக்கும் ஒட்டாதும்மா. கிருமி உள்ளுக்குள்ளயே இருக்கும். இருமுற பெரியவங்ககிட்டேர்ந்துதான் புள்ளைக்கு வரும். நல்லா யோசிச்சுப் பாருங்க. மொதல்ல இருமினது யாரு?"

அதற்குள் அடுத்த நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என் மகன் மருந்து வாங்கும் வரிசைக்கு ஓடினான். நான் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகன் மருந்தோடு வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் கொன்றது நான்தான் என்று சொல்லி என்னை வளர்த்தார்கள். யாரும் கத்திச் சொல்லவில்லை. தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் அத்தை சொல்வாள்: "ஒன்னப் பாத்துக்கிட்டுத்தான் ஒங்காத்தா போனா. துன்னு." அவ்வளவுதான். சமைந்தபோது சொன்னாள், கல்யாணத்தில் சொன்னாள், முதல் பிள்ளையைக் கையில் கொடுத்தபோதும் சொன்னாள். அந்தப் பிள்ளையை நான் முத்தமிட்டதே இல்லை. அடுத்ததையும் இல்லை. பாலைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் மகள் பெரியவளான பிறகு ஒரு நாள், "நீ எங்கள ஒரு தூரத்துலேயே வெச்சு வளத்தம்மா" என்றாள். இப்போது அவள் பிரான்சில் இருக்கிறாள். தூரத்துக்குப் பழகியவள்.

இனி அந்த வருஷத்துக்குப் போகிறேன்.

அப்போது நாங்கள் நெல்லித்தோப்பில் இருந்தோம். தெருவில் எங்கள் வீட்டுக்கு சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்த் திரும்பியவர். பென்ஷன் வரும். தலையில் கறுப்புக் குல்லா, வாயில் பாதி பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரன் செய்தது எதுவும் தப்பாகாது என்பது அவர் மதம். அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷன் இல்லாதவள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான்.

அம்மா கடலோரக் குப்பத்துக்காரி. மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். அப்பா லீவில் வந்தபோது குப்பத்துக் கோயிலில் தாலி கட்டினார். மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி ஆபீசில் போய்ப் பதிய வேண்டும், அப்போதுதான் பிரெஞ்சு சட்டத்துக்கு அவள் பெண்டாட்டி. அடுத்த லீவில் பதியலாம் என்றார். அந்த அடுத்த லீவு வரவேயில்லை. என்னையும் தம்பியையும் மட்டும் ஒழுங்காகப் பதிந்தார். எங்கள் வீட்டில் பிரெஞ்சுக்காரர்கள் நாலு பேர், அம்மா மட்டும் இந்தியாக்காரி என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு இப்போது அதில் சிரிப்பு வரவில்லை.

பங்குனி வெயிலில் எனக்கு நோய் வந்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாயடியில் குனிந்தபோது இடது விலாவில் யாரோ ஊசியைச் செருகினது போல இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலோடு வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஐஸ் தின்றிருப்பாள் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். அப்பா என் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு "புளூரேசி" என்றார். பட்டாளத்தில் கூட இருந்தவனுக்கு வந்து பார்த்திருக்கிறாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பெயர். காசம் என்ற சொல்லைக் கடைசிவரை யாரும் வாயால் சொல்லவில்லை. அந்தச் சொல் சேரித் தெருவுக்கும் குப்பத்துக்கும் உரியது, சொல்தா வீட்டுக்கு வருவது புளூரேசி.

அத்தையிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் தடித்த சின்னக் கண்ணாடிக் குடுவைகள். வாந்தூஸ் என்பார்கள். உங்களில் பழைய புதுச்சேரிக்காரர் யாராவது இருந்தால் முதுகு இன்னும் அதை மறந்திருக்காது. பஞ்சைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்தி, குடுவைக்குள் காட்டி எடுத்து, சூடு ஆறுவதற்குள் முதுகில் கவிழ்ப்பாள். தோல் உள்ளே இழுத்துக்கொண்டு அப்பம்போல உப்பும். எடுக்கும்போது 'பொளக்' என்று சத்தம் வரும். முதுகெல்லாம் நாவல்பழ நிறத்தில் வட்டம் வட்டமாக இருந்தது. அந்த வயதிலும் எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அம்மாவை அத்தை கிட்டே விடவில்லை. அம்மா வாசல்படியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

சில நாளில் வலி நின்றுவிட்டது. வீடே கொண்டாடியது. அத்தை குடுவைகளைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டு, "பாத்தியா" என்று அப்பாவிடம் ஒரே வார்த்தை சொன்னாள். அப்பா கோழி வாங்கி வந்தார். வலி போனால் நோய் போனது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே தண்ணீர் ஊறி இரண்டு உறையையும் பிரித்துவிட்டது, உரசல் இல்லாததால் வலி இல்லை, நோய் முற்றுகிறது என்பதெல்லாம் இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. அந்தக் கோழிக் குழம்பை நான் ரசித்துத் தின்றேன்.

பிறகு மூச்சு குறையத் தொடங்கியது. கொல்லைக்குப் போய்த் திரும்பினால் இளைத்தது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் தேவலை. உதடு நீலமானது. அம்மா அத்தையைக் கேட்காமல் என் பழைய பாவாடை ஒன்றை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தாள். அங்கே அம்மன் கோயிலில் அவள் பக்கத்து ஆட்கள் செய்கிற ஒரு வேண்டுதல் உண்டு. பிள்ளையின் துணியை அம்மன் முன்னால் வைத்து, அதைத் தன் வயிற்றில் சுற்றிக் கட்டிக்கொண்டு, பிள்ளையின் நோவை எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்பது. ஈரச் சேலையோடு திரும்பி வந்தாள். என் பாவாடை அவள் வயிற்றில் இருந்தது.

"கேட்டுட்டு வந்துட்டேன். இனிமே அது என்னுது" என்று என் காதில் சொன்னாள்.

அடுத்த நாள் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பென்ஷன்காரர்களைப் பார்க்கிற வெள்ளைக்கார டாக்டரிடம் போனார். நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, முன்னால் தலையணை கொடுத்து, முதுகில் ஊசி போட்டார்கள். எனாமல் கிண்ணத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, நல்லெண்ணெய் நிறத்தில். என் உடம்பிலிருந்து அவ்வளவு வருகிறதே என்று எட்டி எட்டிப் பார்த்தேன். மூச்சு வந்தது. வீட்டில் அம்மா எனக்கு மூச்சு வந்த நேரத்தைக் கேட்டாள், தான் வேண்டிக்கொண்டதைக் கணக்குப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். ஊசிக்குக் கொஞ்சம்கூடப் பெயர் கிடைக்கவில்லை.

டாக்டர் அப்பாவிடம் பிரெஞ்சில் ஒன்று சொன்னாராம். இந்த நோய் வீட்டில் யாரோ ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கும், குடும்பத்தையே படம் எடுக்க அழைத்து வா என்று. அப்பா அழைத்துப்போனார். தம்பிக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, அத்தை பட்டுப்புடவை கட்டி, ஏதோ ஸ்டூடியோவுக்குப் போகிறது போலப் போனார்கள். அம்மா போகவில்லை. கல்யாணம் பதியாததால் பென்ஷன் குடும்ப அட்டையில் அவள் பெயர் இல்லை, அங்கே அவளைப் பார்க்க மாட்டார்கள். வேறு எங்காவது காட்டலாம் என்று அப்பா சொன்னார்.

"எனக்கு என்னா? அடுப்புப் பொகை. நீங்க போயிட்டு வாங்க, நான் புள்ளய பாத்துக்குறேன்" என்றாள் அம்மா.

படத்தில் எல்லோருக்கும் சுத்தமாக இருந்தது. அப்பா வாசலில் நின்றே கேட்பவர்களுக்கெல்லாம் சொன்னார், எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று.

எனக்கு வைத்தியம் ஒரு வருஷத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் தினமும் இடுப்பில் ஊசி. காதில் வண்டு ரீங்கரிக்கும். அப்புறம் மாத்திரையும் ஒரு பொடியும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, பகலில் படுத்திருக்க வேண்டும். முட்டை, மீன் எண்ணெய், புறா ரசம். தம்பிக்கு ஒட்டிவிடக் கூடாது என்று அவனை மாடி அறைக்கு அனுப்பினார்கள், என் தட்டு டம்ளரைத் தனியாக வைத்தார்கள். என்னோடு ஒரே பாயில், ஒரே போர்வையில், என் முகத்தோடு முகம் வைத்துப் படுக்க அம்மாவை விட்டார்கள். அது தாயின் வேலையல்லவா, அதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்.

அந்த மாத்திரையை நான் விழுங்க மாட்டேன். அம்மா அதை அம்மிக்கல்லின் மூலையில் நசுக்கி, பொடியோடு சேர்த்துத் தேனில் குழைத்து, அப்பாவின் பட்டாளத்துக் கரண்டியில் கொண்டுவருவாள். நுனி சப்பையான அலுமினியக் கரண்டி. அப்படியும் நான் வாயை இறுக்கிக்கொள்வேன். கசப்பு என்றால் வேப்பங்கொழுந்தெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். அம்மா கரண்டி நுனியை நாக்கால் தொட்டுக் காட்டுவாள். "தோ பாரு, அம்மா நக்குறேன். கசக்கவே இல்ல. வாயத் தொற." முகம் சுளிக்காமல் சொல்வாள். நான் திறப்பேன். பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பி இருமுவாள்.

ஆடியில் அவள் முந்தானையில் ரத்தம் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அன்றைக்கு அவர் உண்மையிலேயே பயந்துபோனார். "கௌம்பு, தர்ம ஆஸ்பத்திரிக்குப் போலாம். அட்டை கிட்டை ஒண்ணும் வேணாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா அசையவில்லை. அவள் முகத்தில் பயமே இல்லை. ஒரு பெருமைதான் இருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

"வரம் குடுத்துட்டா தாயி. புள்ள நோவு எங்கிட்ட வந்துடுச்சு. இப்ப நான் மருந்து துன்னா அது எங்க போவும்? போன வழியே திரும்பி அதுகிட்டதான் போவும். நான் வாங்கினத திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா?"

அத்தை மற்ற நாளில் அம்மா சொல்வது எல்லாவற்றையும் குப்பத்துப் பேச்சு என்று தள்ளுவாள். அன்றைக்கு மட்டும் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு, "அது சொல்றதும் நெசந்தான், தம்பி. புள்ள தேறி வர்றா பாரு" என்றாள். பிரெஞ்சுக்காரனைத் தவிர யாரையும் நம்பாத அப்பா என்னைப் பார்த்தார். என் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்த ஆணியை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

அதன் பிறகு அம்மா இளைத்தாள், நான் பெருத்தேன். அதுவே அவர்களுக்கு அத்தாட்சியாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். ஐப்பசி அடைமழையில், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு பகலில், அம்மா போனாள். நான் அன்று மாடிப்படி ஏறிப்போய்த் தம்பியிடம் சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை.

இவ்வளவையும்தான் இத்தனை வருஷமும் நினைத்து வந்தேன். டாக்டர் பெண் கேட்ட கேள்விக்குப் பிறகு இதற்கும் முந்தியதை நினைக்க வேண்டியிருந்தது. மூன்று பந்து டப்பாவை இழுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "அத்த, இழுக்கணும்னு சொன்னாங்க இல்ல" என்று அதட்டிவிட்டுப் போனாள். இழுத்தேன். ஒரு பந்து ஏறியது. அப்போதுதான் அந்த மாசி மகம் நினைவுக்கு வந்தது.

நான் நோயில் விழுவதற்கு முந்தின மாதம். ஊர்ச் சாமிகள் எல்லாம் கடற்கரைக்கு வந்து வரிசையாக நிற்கும் நாள். அம்மா எங்களை அழைத்துப் போயிருந்தாள். குப்பத்து மணலில் அவளுக்குக் கால் நிற்காது, எங்களோடு ஓடிப்பிடித்து விளையாடுவாள். அன்றும் நான் ஓடினேன், அவள் துரத்தினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பாதி வழியில் மணலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். நிற்காத இருமல். கண்ணில் நீர் வழிந்தது. ஏமாற்றி என்னைக் கிட்டே வரவழைக்கிறாள் என்று நினைத்து, தள்ளியே நின்று சிரித்தேன். அவளும் இருமலுக்கு நடுவே சிரித்தாள். அத்தை வந்து, "சாமி வர்ற நேரத்துல என்னா இருமல்? கார்த்தியிலேர்ந்து இதே பாட்டா இருக்குது" என்றாள்.

கார்த்திகையிலிருந்து. அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. நாள் கணக்கு அவள் வாயிலேயே இருந்திருக்கிறது. அதே வாயால்தான் பிறகு எனக்குச் சோறு போட்டபோதெல்லாம் அந்த வார்த்தையையும் போட்டாள்.

பாரம் இறங்கியதா என்று கேட்பீர்கள். இறங்கவில்லை. நான் கொல்லவில்லை என்று தெரிந்தால் நிம்மதி வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். வந்தது கோபம். அத்தை மேல், அப்பா மேல், அந்த அட்டை மேல். அம்மா மேலும்தான். என் நோவைத் தனக்குக் கொடு என்று கேட்டு வாங்கினாளே, அது ஏற்கெனவே அவளுடையதுதானே. அவள்தான் எனக்குக் கொடுத்தாள் என்று தெரிந்திருந்தால் ஒரு வேளை மருந்து சாப்பிட்டிருப்பாள். தெரிந்திருந்தால் அதையும் தாங்கியிருக்க மாட்டாள். கோபித்துக்கொள்ள அவர்களில் ஒருத்தரும் மிச்சமில்லை. மிச்சம் இருப்பது நான் முத்தமிடாத இரண்டு பிள்ளைகள். ஒருத்தன் ஆட்டோவில் என்னோடு வருகிறான், நரைத்துவிட்டது.

சொன்ன தேதியில் திரும்பிப் போனேன். டாக்டர் பெண் முதுகில் தட்டிப் பார்த்தாள், குழாயை வைத்துக் கேட்டாள்.

"எங்கம்மாதாம்மா மொதல்ல இருமினாங்க" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்து தலையசைத்தாள். "நெனச்சேம்மா. ஆனா அப்பவே மருந்து வந்துடுச்சே. ஒங்களுக்குக் குடுத்ததயே அவங்களுக்கும் குடுத்திருந்தா பொழச்சிருப்பாங்க. அவங்க ஒரு நாள் கூடவா மருந்து எடுத்துக்கல?"

"தெனமும் எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றேன். "எனக்குக் கசக்காதுன்னு காட்டுறதுக்கு, கரண்டி நுனியில ஒட்டினது."

அவள் குழாயை மறுபடி என் விலாவில் வைத்தாள்.

"மூச்ச நல்லா இழுங்க. எங்கயாவது வலிக்குதா?"

இழுத்தேன். முழுதாக, அடிவரை போய் வந்தது.

"இல்லம்மா" என்றேன்.